என் பெயரும் பாட்டின் பெயரும்

14 ஜனவரி 2025, செவ்வாய்

பகல் முழுக்கக் கடையின் பின்பக்கத்தில் அரிசி மூடை இறக்கினேன். அங்கிருந்து நேரே வகுப்புக்கு. பியானோக் கட்டைகளில் விரலை வைக்கும்போதும் கை சாக்கு மணத்தது.

கொன்செர்வத்துவார் என்று பெயர்தான் பெரிது. பாரிஸில் லா சப்பல் பாலத்தைத் தாண்டி நகரசபை நடத்தும் இசைப்பள்ளி. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு. எனக்கு இது இரண்டாம் வருடம். பியானோவும் வாய்ப்பாட்டும் சேர்ந்த படிப்பு. யூன் மாதம் மேடைத் தேர்வு.

வாய்ப்பாட்டு ஆசிரியை ஷார்லோத் இன்று ஒரு புது விதி சொன்னார். இந்த வருடம் வாசித்துப் பாடினால் மட்டும் போதாதாம். மேடையில் ஏறி, என் பெயர் இது, பாட்டின் பெயர் இது, இதை ஏன் எடுத்தேன் என்று வாயால் சொல்லவேண்டும். நடுவர்களுக்கு முன்னால், இரண்டு நிமிடத்துக்குள். மண்டபத்தில் ஆட்களும் இருப்பார்கள்.

மற்றவர்கள் கொப்பியில் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்தேன். எழுதும்போது எனக்கு ஒரு சொல்லும் நிற்பதில்லை. பேசும்போதுதான். முப்பத்துமூன்று வயதாகியும் திக்குகிறேன். ஊர்ப் பள்ளியில் கொன்னை என்றார்கள். இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பார்வையை மட்டும் விலக்கிக்கொள்கிறார்கள்.

பாடும்போது திக்குவதில்லை. ஏன் என்று யோசிப்பதை விட்டுவிட்டேன்.

21 ஜனவரி, செவ்வாய்

ஷார்லோத் எனக்குப் பாட்டு எடுத்துத் தந்தார். ஒரு தாலாட்டு. முதல் பக்கம் பியானோ தனியாக, பிறகு நானே வாசித்து நானே பாடவேண்டும். வேலை முடிந்து வரும் தாய் குழந்தையைத் தூங்கவைக்கிறாள். என் குரலுக்கு அளந்து தைத்ததுபோல் இருக்கிறது.

பெயர்தான் பிரச்சினை. பெர்சூஸ், பிரெஞ்சில் தாலாட்டு. எனக்கு மிக மோசமான எழுத்து முதலில் வரும் அந்தப் ப. உதடு மூடினால் திறக்காது.

சாதாரணப் பேச்சில் நான் சொல்லை மாற்றிவிடுவேன். க-வும் வராது என்பதால் கோப்பி கேட்க முடியாமல் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பேன். எனக்குத் தேத்தண்ணி பிடிக்காது. ஆனால் பாட்டின் பெயரை எப்படி மாற்றுவது?

வேறு பாட்டுத் தாருங்கள் என்று கேட்க நினைத்தேன். ஏன் என்று கேட்பார். அதற்குப் பேசவேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

6 பெப்ரவரி, வியாழன்

குளியலறையில் பெர்சூஸ் என்று நூறு தரம் சொன்னேன். ஒரு தரமும் திக்கவில்லை. அங்கே கேட்க ஆள் இல்லையே.

11 மார்ச், செவ்வாய்

வகுப்பில் எல்லோரும் அறிமுகத்தைச் சொல்லிப் பழகினோம். என் முறை வந்தது. “என் பெயர்” வரைக்கும் வந்தது. பிறகு பெயர் வரவில்லை. லவன். மூன்றே எழுத்து.

மற்றவர்கள் போனபின் ஷார்லோத் தாளம் காட்டும் மெட்ரோனோமைத் தட்டிவிட்டு, அந்தத் தாளத்துக்கு ஒவ்வொரு அசையாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். வந்தது. ஆனால் ரயில் நிலைய அறிவிப்புப் போல் இருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, “எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிழையான வழி காட்டிவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது” என்றார். என்னைவிட இளையவர். அவருக்கும் இது முதல் தடவையாக இருக்கும்.

“நீங்கள் ஒரு சொல்லில் நிற்கும்போது நான் என்ன செய்யவேண்டும்?”

இப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. ஒன்றும் செய்யவேண்டாம், காத்திருங்கள் என்றேன். அதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

30 மார்ச், ஞாயிறு

அக்காவிடம் தேர்வைப் பற்றிச் சொன்னேன். பாதி நான் சொன்னேன், மீதியை அவளே சொன்னாள்.

லா கூர்னெவ் புறநகரில் அக்கா, அத்தானோடுதான் இருக்கிறேன். அக்கா தர்மிளா எனக்கு ஆறு வயது மூப்பு. நான் வாயைத் திறந்தால் வசனத்தை அவள் முடிப்பாள். சின்ன வயதில் வாத்தியாரிடம், இங்கே வந்தபின் விசா கொடுக்கும் பிரெபெக்சூரில், வைத்தியரிடம், கடை முதலாளியிடம் எல்லாம் எனக்காகப் பேசியது அவள்தான். நான் சொல்ல நினைப்பது அவளுக்கு முன்பே தெரிந்துவிடும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அவள் இல்லாவிட்டால் எனக்கு விசாவே கிடைத்திருக்காது. இதை மறக்கக்கூடாது.

5 ஏப்ரல், சனி

ஓல்னேயில் கலியாணம். மகேந்திரராசா அண்ணையின் இசைக்குழுவில் நான் கீபோட். பெண் வீட்டார் சொந்தம் என்பதால் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள்.

மிதுசன்தான் எங்கள் குழுவின் அறிவிப்பாளன். இங்கேயே பிறந்தவன், நன்றாகப் பாடுவான். குழுவினரை அறிமுகப்படுத்தும்போது, “கீபோட்டிலை எங்கடை ல... ல... ல... லவன் அண்ணை!” என்றான். மண்டபம் சிரித்தது. மகேந்திரராசா அண்ணை குனிந்து வயரைத் திருத்தினார். நான் அடுத்த பாட்டின் சுருதியைப் பிடித்தேன். வேறென்ன செய்வது?

சாப்பாட்டு நேரத்தில் மிதுசன் வந்து, “பகிடிக்குத்தான் அண்ணை, தெசொலே” என்று மன்னிப்புக் கேட்டான். ஓம் என்றேன். ஓம் எனக்குத் திக்காது.



8 ஏப்ரல், செவ்வாய்

இசைப்பள்ளி வாசலில் அலுவலகத்து மர்கரீத் என்னைக் கூப்பிட்டார். “உங்கள் சகோதரி நேற்று தொலைபேசியில் பேசினார். எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டோம். நீங்கள் பேசத் தேவையில்லை. உங்கள் பெயரையும் பாட்டின் பெயரையும் ஷார்லோத் அறிவிப்பார்.”

நன்றி என்றேன்.

உண்மையை எழுதவேண்டும். முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. பெரிய பாரம் இறங்கினதுபோல. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

இசைப்பள்ளிக்கு ஈஸ்டர் விடுமுறை. வீட்டில் ஹெட்போன் போட்டுக் கீபோட்டில் பழகினேன். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மேடை கண்ணில் வருகிறது. ஷார்லோத் நின்று என் பெயரைச் சொல்கிறார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், வாத்தியாருக்கு முன்னால் அக்காவின் பக்கத்தில் நின்றதுபோல.

கேட்காமல் ஏன் செய்தாள்? கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஓம் என்றுதான் சொல்லியிருப்பேனோ?

தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கவேண்டும்.

20 ஏப்ரல், ஞாயிறு

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தொடங்கினேன். “அக்கா, நா... நான் அந்தக் க...”

“கடையிலை லீவு கேக்கோணுமோ? நான் முதலாளியோடை கதைக்கிறன்.”

“இல்லை, அந்தக் க...”

“கலியாணத்துக்கு வாசிக்கப் போகேலாதோ? விடு, மகேந்திரராசா அண்ணைக்கு நான் போன் பண்ணுறன்.”

மேசையில் அடித்துவிட்டேன். சொதி சிந்தி அத்தானின் சேர்ட்டில் பட்டது. அவர் எழுந்து போய்க் கழுவினார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொறு,” என்றேன். “நான் சொல்லி முடிக்குமட்டும் பொறு.”

எவ்வளவு நேரம் எடுத்ததோ. சொன்னேன். “கொன்செர்வத்துவாருக்கு என்னைக் கேக்காமல் ஏன் போன் அடிச்சனி?”

“அண்டைக்கு அந்தப் பெடியன் மைக்கிலை உன்னை நெளிச்சுக் காட்டேக்கை நானும் அங்கைதானே இருந்தனான். வெள்ளைக்காரருக்கு முன்னாலையும் நீ அப்பிடி நிக்கிறதை நான் பாக்கோணுமோ?”

“அப்ப நீ பா... பாக்க வராதை.”

அவள் முகம் மாறிவிட்டது. “நான் கதைக்கிறது உனக்குப் பிடிக்கேல்லை எண்டு இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை சொன்னனியே?”

“சொல்லுறதுக்கு நீ விட்டால்தானே.”

இந்த வசனம் திக்காமல் வந்தது. வந்திருக்கக்கூடாது என்று பிறகு நினைத்தேன். அக்கா சிந்திய சொதியைத் துடைத்துக்கொண்டே அழுதாள். நான் போய் அவள் கையிலிருந்து துணியை வாங்கவில்லை. போயிருக்கலாம்.

29 ஏப்ரல், செவ்வாய்

விடுமுறை முடிந்து முதல் நாள். மர்கரீத்திடம் போய், நானே பேசுகிறேன் என்று சொன்னேன். எனக்குப் பின்னால் பிள்ளைகளைப் பதிய வந்த பெற்றோர் வரிசை. ஒரு தகப்பன் பெருமூச்சு விட்டான். மர்கரீத் கணினியில் எதையோ அழித்தார். “சரி, முசியே. நிச்சயம்தானே?”

“ஓம்” என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

13 மே, செவ்வாய்

அக்கா இப்போது என் வசனத்தை முடிப்பதில்லை. நான் நிற்கும்போது ஜன்னலைப் பார்க்கிறாள். சிலவேளை முடித்துவிட்டாலே நல்லது என்று இருக்கிறது.

பல் வைத்தியரிடம் நேரம் எடுக்கவேண்டும். அவள் போனை என் பக்கம் தள்ளிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இரண்டு இடத்தில் வைத்துவிட்டார்கள், லைன் வெட்டுப்பட்டது என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவது இடத்துப் பெண் பொறுமைசாலி. வியாழன் போகவேண்டும்.

27 மே, செவ்வாய்

பாட்டு வந்துவிட்டது. இடையில் மூச்சு எடுக்கும் இடத்தை ஷார்லோத் மாற்றித் தந்தார். இப்போது கடைசி வரி தானாக இறங்குகிறது. பியானோவில் முதல் பக்கம் மட்டும் இன்னும் தடுமாறுகிறது.

அறிமுகம் வகுப்பில் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. இன்று வரவில்லை.

14 யூன், சனி

தேர்வு முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் பாதி நிறைந்திருந்தது. அக்கா வந்திருந்தாள். வருவேன் என்று சொல்லவில்லை. கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எனக்கு முன்னால் பாடிய பெண் தன் அறிமுகத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனாள்.

மேடையில் ஏறினேன். மூன்று நடுவர்கள். என் பெயர் என்றேன். ல-வில் நின்றது. ஷார்லோத் மேடை ஓரத்தில் கையை அசைக்காமல் நின்றார். லவன் என்று வந்தது.

அடுத்தது பாட்டின் பெயர். உதடு மூடியது. திறக்கவில்லை. கழுத்தெல்லாம் இறுகி, தலை ஒரு பக்கம் இழுத்தது. அப்படி நிற்கும்போது என் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரோ இருமினார்கள். நடுவில் இருந்த நடுவர், நல்ல மனிதர், கையில் நிகழ்ச்சித்தாள் இருந்தது, மெதுவாக, “பெர்சூஸ்?” என்றார்.

மண்டபமே மூச்சு விட்டது. நான் தலையாட்டினால் போதும். முடிந்துவிடும். இத்தனை வருடமும் தலையாட்டித்தானே வந்திருக்கிறேன்.

கையை உயர்த்தினேன். “நானே சொல்கிறேன்” என்றேன் பிரெஞ்சில். அது திக்கவில்லை!

அவர் தாளைக் கீழே வைத்தார். நான் மறுபடி உதட்டை மூடினேன். நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன். தள்ளவில்லை. பிறகு வந்தது. பெர்சூஸ். அதை ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முடியவில்லை. ஒருவரும் நிறுத்தவில்லை.

பிறகு பியானோவில் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் இரண்டு இடம் பிழை. பாடத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாட்டு எப்போதும் எனக்குச் சுலபம்தான்.

15 யூன், ஞாயிறு

தேறிவிட்டேன். வாய்ப்பாட்டில் மிக நன்று. பியானோவில் போதுமானது. பேச்சைப் பற்றி நடுவர்கள் ஒன்றும் எழுதவில்லை.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் அக்காவோடு திரும்பினேன். இடம் கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அந்த மனிசன் பேரைச் சொன்ன உடனை எனக்கு நிம்மதியாப் போச்சுது. நீ வேண்டாம் எண்டு கையைக் காட்டினாப் பிறகுதான் விளங்கினது. அது நான்தானே எண்டு.”

“அ... அக்கா, அந்த மனிசன் நல்லவன்” என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. “ஓம். நல்லவன்தான். ஆனா நான் இனிமேல் பொறுப்பன்.”

7 ஒக்டோபர், செவ்வாய்

மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களின் சேர்ந்திசை வகுப்புக்குப் பியானோ வாசிக்கிறேன். ஷார்லோத் கேட்டார், ஒப்புக்கொண்டேன்.

இன்று அவருக்குக் காய்ச்சல். ‘வகுப்பை நீங்களே நடத்துங்கள்’ என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டார். போகாமல் விடலாமா என்று படிக்கட்டில் நின்று யோசித்தேன். பிறகு உள்ளே போனேன்.

இரண்டாம் பக்கத்தில் எல்லோரும் பிழையாக நுழைந்தார்கள். நிறுத்தினேன். எந்த இடத்திலிருந்து திரும்பப் பாடவேண்டும் என்று சொல்லவேண்டும். நின்றது. முன்வரிசையில் இருந்த பியட்றிஸ், ஓய்வுபெற்ற தாதி, சொல்லைத் தர வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு பென்சிலை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். நான் சொல்லும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னதும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு சரியாக நுழைந்தார்கள். ஆனால் கீழ்க்குரல்காரர் இன்னும் சுருதி இறங்குகிறார்கள். அடுத்த செவ்வாய் அவர்களிடம் அதைச் சொல்லவேண்டும்.