மெம்பரேனுக்கு எண்ணெய் தேய்த்த மதினிக்கு

மதினி,

காலையில் கேப்பைக் களி உருட்ட உட்கார்ந்தேன். கையைத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் களி ஒட்டாமல் உருண்டு வந்தது. உடனே உங்கள் நினைப்புதான். சிரிப்பும் வந்தது.

பால் கம்பெனியில் நாம் ரெண்டு பேரும் கழுவிக்கிட்டுக் கிடந்த மெம்பரேன் வடிகட்டித் தகடுகள் ஞாபகம் இருக்கா? கேன் கழுவின தண்ணீர் அதில் வடிந்துதான் ஓடைக்குப் போகணும். பால் கொழுப்பு அப்பிக்கொண்டால் தகட்டின் கண்ணெல்லாம் அடைத்து, வடியாத அழுக்குத் தண்ணீர் பொங்கி ஓடையில் விழும். ஓடையை ஒட்டி உங்கள் கிணறு. அதை நம்பித்தான் திராட்சைத் தோட்டம். கிணற்றில் புளிச்ச வாடை அடித்ததும் உங்களுக்குச் சோறு இறங்கலை.

அந்தப் பதற்றத்தில்தான் அந்தக் காரியத்தைச் செஞ்சீக. பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவினால் பிசின் ஒட்டாதே, அந்த நினைப்பில் தகடு பூராவும் தேங்காயெண்ணெய் தேய்ச்சு விட்டீக. மறுநாள் ஒரு சொட்டு வடியவில்லை.

“எண்ணெய் தேச்சாச்சு, சீயக்கா யாரு போடுறது மதினி?” என்றேன்.

“வாய மூடிக்கிட்டுக் கழுவுங்க கொழுந்தனாரே. நாறுறது என் கெணறு.”

அப்புறம் தகட்டைப் பார்க்கக் காலேஜிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தாக. “எண்ணெய் கொழுப்பைச் சேத்துக்கிரும்மா. தண்ணிய இழுத்துப் பிடிக்கிற பூச்சு போடணும். தண்ணி மெல்லிசா மேல நின்னா, கொழுப்பு ஒட்ட எடம் இருக்காது” என்றாக.

“களி உருட்டக் கையில தண்ணி தொட்டுக்கிருவமே, அப்படியா?” என்று நீங்கள் கேட்க, அந்தம்மா சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாக.

பூச்சுப் போட்ட தகடு வருவதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துட்டீக. அங்கன கிடந்தும், “தண்ணி வடியுதா?” என்றுதான் கேட்டீக. “வடியும் மதினி” என்றேன். தகடு வந்து இறங்கின அன்றைக்கு நீங்கள் இல்லை.

வடியுது மதினி. கொழுப்பு படியாமல் இல்லை. ஆனால் முன்னே மாதிரி தோள் கழலத் தேய்க்க வேண்டாம், ஒரு அலசு அலசினால் போயிருது. மழையும் பெய்தது, கிணற்றில் வாடை இல்லை. அண்ணன் கவாத்து முடித்துக் கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுறாக.

வாடை வந்த நாளிலிருந்து, சொம்பில் மொண்டு என்னிடம்தானே முதலில் நீட்டுவீக? “நீங்க குடிச்சிட்டு விழாம நின்னீகன்னா, பெறகு நான் குடிக்கிறேன்.” அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகலை. களியைத் தின்று முடித்து நேரே கிணற்றுக்குத்தான் வந்தேன். உங்கள் சொம்பில்தான் மொண்டேன்.

குடிச்சிட்டு நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் மதினி. நீங்க குடிக்கலாம்.