உன்ஸர் என்ற சொல்

மார்ச் 4, செவ்வாய்

செம்மேட்டு கிளினிக்கில் இன்று காய்ச்சல்காரர்கள் கூட்டம். ஊசி போட்டபடி நின்று நின்று கால் வீங்கிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும், சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் போனில் ஜெர்மன் வகுப்பு. மர்யம் மிஸ் ‘யாருடையது’ என்று சொல்லும் சொற்களை எடுத்தார். "யாரோடதுன்னு மட்டும் பாத்தா பத்தாதுங்க, அந்தப் பொருள் ஆணா பெண்ணான்னும் பாக்கணும்." என் கணவர் – மைன் மன். என் பை – மைனெ டாஷெ. பை எப்படிப் பெண்ணாயிற்று? அவளுடைய, அவர்களுடைய, உங்களுடைய – மூன்றுக்கும் ‘ஈர்’தானாம்.

இந்தப் பரீட்சையில் தேறினால்தான் மனைவி விசா. என் கணவர் ஜெர்மனியில் ஓட்டலில் சமையல் வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. நான் வருவேன் என்று பொங்கலுக்குப் பிறகு தனி வீடு எடுத்திருக்கிறார்.

மார்ச் 6

தூங்கிவிட்டேன். வகுப்பு போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

அவர் கூப்பிட்டார். ‘நம்ம’ என்றாலும் ‘எங்க’ என்றாலும் ஜெர்மனில் ஒரே சொல், உன்ஸர். எனக்குக் குழப்பம். ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

"உன்ஸரெ வோனுங் இஸ்ட் க்ளைன்."

"தமிழ்ல சொல்லுங்க."

"எங்க ஊடு சின்னதுன்னு அர்த்தம்."

என்னிடம் ‘நம்ம ஊடு’ என்றுதானே சொல்லுவார்?

"எங்கன்னா, யாருங்க?"

வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டார்.

மார்ச் 12

போன் இல்லை. ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறனோ? வாய் தவறி வந்திருக்கும். வந்திருக்குமா?

மார்ச் 16, ஞாயிறு

அவர்தான் கூப்பிட்டார். "சுகுணா, இங்க எனக்கு ஒருத்தி இருக்கா. பரீட்சை எல்லாம் இப்ப வேண்டாம்."

அழுகை வரவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான். "உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று போனை அத்தையின் கையில் கொடுத்தேன். மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர், நின்றபடியே கேட்டார். "செரி சாமி, வெச்சுரு" என்றார். உள்ளே போய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

ஏப்ரல் 2

பரீட்சை எழுதப் போவதில்லை என்று மர்யம் மிஸ்ஸிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். "இவ்வளவு தூரம் படிச்சுட்டீங்க. எழுதிட்டு விட்டுருங்களேன்" என்றார்.

விடுவதற்கும் தெம்பு வேண்டும். சரி, எழுதுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 26, சனி

பரீட்சை எழுதிவிட்டுச் சென்னையிலிருந்து திரும்பும் பஸ்ஸில். வாய்மொழித் தேர்வில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ‘மைன் மன்’ என்று தொடங்கும் வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. அதை விட்டுவிட்டேன். நான் நர்ஸ், மலையில் இருக்கிறேன், மாமியார் மிளகு போடுகிறார் என்றேன். தேர்வு நடத்திய அம்மா தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

தேறிவிட்டேன். விசாவுக்குச் சான்றிதழ் எந்த முகவரிக்கு அனுப்பவேண்டும் என்று மர்யம் மிஸ் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்.

"அந்த விசா வேண்டாங்க. அடுத்த லெவல்ல சேத்துக்குங்க. அங்க நர்ஸ் வேலைக்கே விண்ணப்பம் போடலாம்னு இருக்கேன்."

வகுப்பு திங்கட்கிழமை ஆரம்பம். கிளினிக்கில் காலை ஷிப்ட் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் சாயங்காலம் வகுப்புக்கு முன்னால் கொஞ்சம் படுக்கலாம்.