புட்டு என்றால் எல்லாரும் கீழே

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ,
ஜனவரி 12, 2025

எடி றெபேக்கா,

நிற்கிறாய் என்றால் முதலில் இரு. எங்கள் பயிற்றுநர் மரியோவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. இந்தப் பருவம் முடியும்வரை எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் தலைமைப் பயிற்றுநர்! தற்காலிகம்தான். ஆனாலும் ஒன்பது வருடம் உதவிப் பயிற்றுநர் கதிரையில் இருந்தவளுக்கு நடுக்கதிரை கிடைத்தால் தலைகால் தெரியுமா, சொல்லு?

முதல் வருடம் சம்பளமில்லாமல் ஜேர்சி தோய்த்தேன். பிறகு பிள்ளைகளை ஏற்றி வான் ஓட்டினேன். பிறகு எதிரணிகளின் வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். நல்ல ஆட்டக்காரி தேடி ஸ்காபரோவில் நான் ஏறி இறங்காத பள்ளிக்கூட ஜிம் இல்லை. "பந்தடிச்சா வேலை கிடைக்குமோ பிள்ளை?" என்று கேட்காத தகப்பனும் இல்லை. மரியோ அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும்தானே உதவிக்குக் கேட்டார்? நீ றோயைக் கல்யாணம் கட்டுகிறேன் என்று விட்பிக்குப் பறந்துவிட்டாய். சரி, பழைய கோபத்தை விடுவோம்.

ஒரு இரகசியம். பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்கு விளங்கக்கூடாது என்று தமிழில் துண்டு எழுதுவோமே, அந்தப் பழக்கத்தால்தானே இன்றைக்கும் எங்களுக்குள் போனில் ரெக்ஸ்ற் இல்லை, கடிதம்தான். அதே யோசனையில் ஆட்டத் திட்டங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துவிட்டேன். 'புட்டு' என்றால் எல்லாரும் கூடைக்குக் கீழே குவிய வேண்டும். 'சொதி' என்றால், புட்டுக்கு மேல் ஊற்றிய தேங்காய்ப்பால் சொதி மாதிரி, பரந்து நின்று தூரத்திலிருந்து எறிய வேண்டும். ஜமெய்க்காப் பெட்டையும் பிலிப்பைன்ஸ் பெட்டையும் "சொதி! சொதி!" என்று கத்தும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிரணிக்கு ஒரு கோதாரியும் விளங்காது!

மாகாணச் சுற்றுக்குப் போனால் என்னையே நிரந்தரமாக்குவார்கள். போகாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள், நான் திரும்பவும் ஓரக்கதிரை.

நடுக்கத்தோடும் அன்போடும்,
துர்க்கா

*

விட்பி,
ஜனவரி 19

என் துர்க்காவுக்கு,

நான் போட்ட கூச்சலில் றோய் பேஸ்மென்ரிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்! சந்தோஷப் புளுகம் தாங்காமல் சாப்பாட்டு மேசையில் உன் கடிதம் முழுவதையும் சத்தமாக வாசித்தேன். புட்டு வந்த இடத்தில் ஷரோமி கதிரையால் விழாத குறை. அவள் றோயின் அக்காவின் மகள். இங்கே கல்லூரியில் முதல் வருடம், எங்களோடுதான் நிற்கிறாள்.

நான் அதே பல் டொக்ரரின் வரவேற்பு மேசைதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் ஆட்டங்களைப் போனில் பார்க்கிறேன். கொப்பியில் குறிப்பும் எழுதுகிறேன், சிரிக்காதே. உன் நாலாம் நம்பர் எப்போதும் வலப்பக்கத்தால்தான் போகிறாள். அவளுக்கு இடப்பக்கம் பழக்கு. எதிரணி கண்டுபிடித்தால் கதை முடிந்தது.

நீ ஏசியது சரிதான். கல்யாணம் கட்டியதற்கு நான் கவலைப்படவில்லை. பந்தை விட்டதற்குத்தான் என்னை நானே ஏசாத நாளில்லை.

மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன். நீ உன் அம்மாளாச்சியிடம் சொல்லிவை.

அன்பு முத்தங்களுடன்,
றெபேக்கா

*

டோர்செட் பார்க்,
பெப்ரவரி 9

எடியே, வென்றுவிட்டோம்! மாகாணச் சுற்றுக்குப் போகிறோம்!

நேற்று உங்கள் பக்கத்துக் கல்லூரியோடு ஆட்டம். சனத்துக்குள் உன்னைக் கண்டேன். முடிந்ததும் தேடினால் ஆளைக் காணோம். ஏன் ஓடினாய்?

முதல் பாதியில் என்ன நடந்தது என்று பார்த்தாய்தானே. நான் "புட்டு!" என்று கத்தி வாய் மூட முதல் அவர்கள் ஐந்து பேரும் கூடைக்குக் கீழே. "சொதி!" என்றால் பரந்து நிற்கிறார்கள். பதினேழு புள்ளி பின்னுக்கு! பார்த்தால் அவர்கள் உட்கார்ந்திருக்கும் வாங்கின் முனையில் பதினாலாம் நம்பர் ஒருத்தி எழும்பி நின்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு, எங்களைப் பார்த்து, "சொதி வருது, சொதி!" என்று தமிழில் ஒரு துள்ளல். ஐயோ, ஸ்காபரோவிலிருந்து விட்பி வரைக்கும் தமிழ்ச்சனம் நிறைந்த ஊரில் தமிழை இரகசியம் என்று நம்பினேனே, என்னை விட மடப்பேய் உண்டா!

இடைவேளையில் பிள்ளைகளிடம் சொன்னேன்: புட்டு என்றால் இனிச் சொதி, சொதி என்றால் புட்டு. அவ்வளவுதான்! பதினாலாம் நம்பர் கத்தக் கத்த அவர்கள் பிழையான பக்கம் ஓடினார்கள். கடைசி நாலு செக்கனில் எங்கள் நாலாம் நம்பர் போட்ட கூடையால் இரண்டு புள்ளியில் வெற்றி. எனக்குத் தொண்டையே இல்லை.

ஒன்றுதான் விளங்கவில்லை. தமிழ் தெரிந்தவளுக்குப் புட்டு என்றால் புட்டு. அதற்கு எல்லாரும் கூடைக்குக் கீழே குவிவோம் என்று அவளுக்கு யார் சொன்னது?

துர்க்கா

*

விட்பி,
பெப்ரவரி 14

துர்க்கா,

நான்தான் சொன்னேன்.

பதினாலாம் நம்பர் ஷரோமி. நத்தார்ப் பண்டிகை லீவுக்குப் பிறகுதான் அணியில் சேர்த்தார்களாம், எனக்கு ஆட்டத்துக்கு முதல் நாள் சொன்னாள். அப்போதும் மரமண்டைக்கு ஏறவில்லை. அவள் எழும்பிக் கத்தியபோதுதான் என் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. நீ பதினேழு புள்ளி பின்னுக்கு நிற்க, நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். உன் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு ஓடி வந்துவிட்டேன்.

அவளை ஏசாதே. "அன்ரி, நீங்கதானே வாசிச்சனீங்க!" என்கிறாள். அதுவும் உண்மைதான். உன் ஒன்பது வருடத்தை ஒரு சிரிப்புக்காகக் கொட்டப் பார்த்தேன். கோபமென்றால் எழுதி ஏசு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

றெபேக்கா

*

விட்பி,
மார்ச் 9

துர்க்கா,

மாகாணச் சுற்றில் மூன்றாமிடம் என்று பார்த்தேன். வீட்டில் தனியே நின்று கை தட்டினேன். தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் திறக்கிறேன்.

றெபேக்கா

*

டோர்செட் பார்க்,
மார்ச் 30

எடி றெபேக்கா,

கோபம் வந்தது. ஏன் பொய் சொல்ல? அந்தப் பெட்டை கத்தியபோதே என் கடிதம் யார் வாயால் போனது என்று விளங்கிவிட்டது. நீயாகச் சொல்லட்டும் என்றுதான் விளங்காதமாதிரி எழுதினேன். எழுத உட்கார்ந்தால் ஏச்சுத்தான் வந்தது. நாலு தரம் கிழித்தேன்.

பிறகு அந்த வீடியோவை ஆறுதலாக இருந்து பார்த்தேன். கடைசி நாலு செக்கன். வலப்பக்கத்தில் மூன்று பேர் காவல் நிற்கிறார்கள். நாலாம் நம்பர் இடப்பக்கத்தால் போகிறாள்! உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதைத்தான் அவளுக்குப் பழக்கினேன். உன் மேசையால் பதினேழு புள்ளி போனது, உன் கொப்பியால் கடைசி இரண்டு வந்தது. ஒன்பது வருடம் வீடியோ பார்த்த எனக்கு அது கண்ணில் படவில்லையடி!

வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்கள். மரியோ ஓய்வு எடுக்கிறார். நான் நிரந்தரம்!

அதால் என் பழைய கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஜேர்சி தோய்க்க வேண்டும், வான் ஓட்ட வேண்டும், தகப்பன்மாருக்குப் பதில் சொல்ல வேண்டும். கிழமைக்கு மூன்று பின்னேரம், செவ்வாயில் தொடங்கி, பல் டொக்ரரின் வேலை முடிந்து வரலாம். முதல் வேலையாகப் புதுச்சொற்கள் கண்டுபிடிக்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான், உனக்கே தெரியும்.

துர்க்கா

*

விட்பி,
ஏப்ரல் 4

துர்க்கா,

இந்தக் கடிதத்தை நான் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. றோய் இரண்டு தரம் கேட்டுவிட்டார், "என்னப்பா, சிரிக்கிறீரோ அழுகிறீரோ?" என்று. வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும்? கொப்பியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
உதவிப் பயிற்றுநர் றெபேக்கா