நஸ்ரினுக்குச் செய்த இரண்டாவது கத்தி

என் லாத்தாவுக்கு, நீ தூங்கும் இடம்வரை போய்ச் சேரட்டும் இந்தத் தம்பியின் சலாம்.

அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஷார்ஜாவை மூட்டை கட்டிவிட்டுக் கும்பகோணம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கொல்லைப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கத்தி செய்கிறேன். சிரிக்காதே. பதினாறு வருஷம் இரும்புக்கு வெல்டிங் வைத்தவனுக்கு அதைக் காய்ச்சி அடித்துப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. வாத்தியார் கிடையாது, யூடியூப்தான்.

ஜப்பான்காரன் கத்தியைப் பார்த்தால் அதே மாதிரி செய்வேன். அடுத்த வாரம் அமெரிக்காக்காரன் மாதிரி. கடைத்தெரு ஓட்டலில் சமைக்கும் சேகர் அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாய். இதுல உங்க கத்தி எது?" என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

உன் மகள் நஸ்ரின் குத்தாலத்தில் தனிக்குடித்தனம் போயிருக்கிறாள். தனக்கு ஒரு கத்தி வேண்டும் என்று கேட்டாள். நீ இல்லாத குறை தெரியாமல் அவளுக்கு ஏதாவது செய்யக் காத்திருந்தவன் நான், விடுவேனா? லாரி ஸ்பிரிங் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு அலகு, நுனியிலிருந்து பிடிவரை சவரக் கூர்மை, பூவரசம் பிடி. தெரிந்த வித்தை அத்தனையையும் அதில் இறக்கினேன். இதுதான் என் பாணி என்று நானே முடிவும் செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் கட்டைவிரலை வெட்டிக்கொண்டாள். நாலு தையல். தையல் பிரித்த அன்று குத்தாலம் போனேன். கத்தியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தாள். "கத்திமேல தப்பில்ல மாமா, எனக்குத்தான் புழங்கத் தெரியல" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கொட்டகையைப் பிரித்துவிட்டு மறுபடி விசா எடுத்துப் போய்விடலாம் என்று நினைத்தேன், லாத்தா. நிஜமாகவே நினைத்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் வீட்டுக் கூடத்தில் படுத்தேன். பக்கத்து வயலில் நடவு முடிந்திருந்தது. ஜன்னல் வழியாக ஈரக் காற்று. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வெயில் பச்சையாக இருந்தது. நீ அடுப்படியில் இருந்தாய். களுக், களுக் என்று தண்ணீரில் ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் பத்து வயது, பசித்தது. உன்னைக் கூப்பிடப் பயமாக இருந்தது, கூப்பிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று.

எழுந்து போனேன். நஸ்ரின்தான். விரலில் சின்னக் கட்டோடு, வீட்டில் கிடந்த பழைய சின்னக் கத்தியால் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பலகை இல்லை. காயைக் கைக்குள் பிடித்து, கத்தியைத் தன் கட்டைவிரலை நோக்கி இழுத்து இழுத்து, துண்டுகளை நேராகத் தண்ணீர்ச் சட்டியில் விழவிட்டாள். யூடியூபில் நான் பார்த்துப் பழகியவர்கள் எல்லாரும் பலகைமேல் வெட்டுகிறவர்கள். நம் வீட்டில் கைக்குள்ளேயே அரிவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

திரும்பி வந்து புதிதாக ஒன்று செய்தேன். அகலத்தைப் பாதியாக்கினேன். பிடியை ஒட்டி ஒரு விரல் அளவுக்குக் கூர்மையை மழுக்கினேன். கையில் உறுத்தாதபடி அலகின் முதுகை உருட்டினேன். காயை அறுக்க வேண்டும், விரலில் பட்டால் நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு வர ஏழெட்டுத் தடவை சாணை பிடித்தேன்.

போன வாரம் நஸ்ரின் அதில் அரிந்தபடியே மாமியாரோடு போனில் பேசினாள். பேச்சு முடியும்வரை கத்தியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சட்டி நிறைந்துவிட்டது. நான் வாசலுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதே மாதிரி இன்னொன்று செய்து சேகர் அண்ணனிடம் காட்டினேன். "இது உங்க கத்தி பாய்" என்றார். அதில் நான் பார்த்தது நஸ்ரினின் கையைத்தான்.

நீ போன அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் உன்னை அடக்கிவிட்டார்கள். ஒரு பிடி மண் போட முடியாததைத்தான் இத்தனை நாள் பெரிய குறையாக நினைத்திருந்தேன். உம்மாவுக்குப் பிறகு நீதான் எனக்குச் சோறு போட்டாய். அத்தனை வருஷம் சாப்பிட்டேனே, தட்டைத்தானே பார்த்தேன். உன் கை எப்படி இருந்தது, லாத்தா?

இனி யாருக்குக் கத்தி செய்தாலும், உலை மூட்டுவதற்கு முன் அவர்கள் அடுப்படியில் போய் உட்காருவேன். அந்தக் கையை, அது இருக்கும்போதே பார்த்துவிடுவேன்.

உன் கையால் சாப்பிட்டு வளர்ந்த தம்பி,
ஜமால்