எல்லை எழுதாத தண்ணீர்

மச்சான்,

இன்று காலை மட்டக்களப்பில் ஆட்டோவுக்குப் பெற்றோல் அடிக்கும்போது, அடித்தவன் கை தவறிக் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டான். வெயிலில் அந்த மணம் எழும்பியதும் என்னை அறியாமல் பின்பக்கம் திரும்பினேன், நீ ஏதோ சொல்லப்போகிறாய் என்று. இருக்கை வெறுமையாக இருந்தது. உன்னை மண்ணுக்குக் கொடுத்து இன்னும் ஒரு மாரி கூடக் கழியவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஏழு பேரை இழுத்தெடுத்தேன் என்றுதான் ஊரில் சொல்லி வருகிறேன். "ரெண்டு மச்சான். அதில ஒண்டு ஆடு" என்பாய் நீ. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் அளந்துதான் பேசுவாய். ஆனால் என் தாயை நான் இழுத்தெடுக்காததைப் பற்றி நீ ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

கடல் திரும்பிப் போன பின்பு தேற்றாத்தீவில் எங்கள் ஒழுங்கைக் கிணறுகள் எல்லாம் உப்பு. இறைத்துத் துப்புரவாக்கப் பெற்றோல் பம்புகளோடு ஆட்கள் வந்தார்கள். எங்கள் வளவில் ஒரு மதில் மட்டும் விழாமல் நின்றது. அதன் நிழலில், கிணற்றுக்கட்டை ஒட்டிப் பெற்றோல் பரலை, அந்த இரும்புப் பீப்பாயை, வைத்தார்கள். நிழல் கிடைத்ததே என்று ஊரே சந்தோஷப்பட்டது. பரலின் அடி கசிந்ததை ஒருவரும் காணவில்லை, மணல் குடித்துவிட்டது. உப்பை இறைத்தெடுத்த இடத்திலேயே பெற்றோலை இறக்கிவிட்டோம்.

சில மாதத்தில் உப்புப் போனது. ஆனால் வாளியை மேலே எடுத்தால் மருந்துக்கடை மணம். எண்ணெய்ப் படலம் ஒன்றையும் காணோம்.

"பெற்றோல் எண்டா மேல மிதக்கும், கண்ணுக்குத் தெரியும்," என்றாய். "ஈயத்துக்குப் பதிலா அதுக்குள்ள ஒரு சரக்குக் கலக்கிற, எம்.டி.பி.ஈ. எண்டு. அது தண்ணியோட தண்ணியாக் கரைஞ்சு முன்னுக்கு ஓடிரும்."

எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் இந்த ரசாயனம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. இன்றைக்கும் ஆட்டோவில் ஏறுகிற வாத்தியார்மாருக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன்.

அதை அளக்கும் கருவி உன் கூடத்தில் இல்லை. ஒரு போத்தலில் தண்ணீரும் ஒரு போத்தலில் பரலடி மணலுமாக நீ கொழும்புக்கு பஸ் ஏறினாய். சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, "பெற்றோலா?" என்றான்.

"தண்ணி ஐயா."

"தண்ணியெண்டா குடி."

ஊரையே குடிக்கவேண்டாம் என்றவன் அங்கே நின்று ஒரு மிடறு குடித்தாய். முழுப் போத்தலும் என்று நான் சொல்லித் திரிவதை நீ மன்னிக்க வேண்டும்.

பதில் வந்தது. தண்ணீரில் இருந்தது உடம்பைக் கெடுக்கும் அளவுக்குக் கீழே, மூக்கு பிடிக்கும் அளவுக்கு மேலே. சில நாடுகளில் மூக்கை வைத்தே தண்ணீருக்கு எல்லை போட்டிருக்கிறார்கள் என்றாய். மண்ணுக்கு வேறு எல்லை. அதைப் பரலடி மணல் நன்றாகவே தாண்டியிருந்தது. உன் மேலதிகாரி புத்தகத்தைப் புரட்டி, "எங்கட பட்டியலில இந்தச் சரக்குக்கு எல்லையே போடல்ல. போடாத எல்லையை மீறினதா எப்பிடி எழுதிற?" என்றாராம்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். நீயோ என் தங்கச்சியைக் கட்டிக் கரடியனாற்றிலிருந்து வந்த மாப்பிள்ளை. என் தாய் தன் மகளுக்குக் கொடுத்த அந்தக் கிணற்றுக்கு நீ பலகை அடித்துப் பூட்டுப் போட்டாய். அதுவும் அம்மாவின் ஆண்டுத் திவசம் நெருங்கிய நேரத்தில்.

"இஞ்சருங்க," என்று தங்கச்சி வந்து நின்றாள். "அம்மா இந்தத் தண்ணியத் தவிர வேற எதிலயும் சமைச்சவவா? அவட திவசச் சோத்த பவுசர் தண்ணியிலயோ ஆக்கிற?"

"மணக்குதுகா."

"நஞ்சில்லயெண்டு உங்கட கடுதாசியே சொல்லுதே."

"தண்ணி இண்டைக்கு இருக்கிறத்தான் கடுதாசி சொல்லுது. மணலுக்குள்ள கிடக்கிறது மாரி மழைக்கு இறங்கினா?"

"ஆர்ர கிணத்த ஆர் பூட்டுற? வந்த இடத்தில வந்தவர் மாதிரி இருங்க."

நீ பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாய், கொடுக்கவில்லை. பவுசர் வண்டி கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரில் சோறு வெந்தது. அவள் அதில் ஒரு பிடியும் உண்ணவில்லை. மறுநாள் நீ மண்வெட்டியோடு இறங்கிப் பரலடி மணலைத் தோண்டித் தோண்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாய்.

திரும்பவும் சண்டை மூண்டது. ஷெல் தலைக்கு மேலால் போன காலத்திலும் மாரிக்கு மாரி நீ ஒரு போத்தல் அள்ளி அனுப்பாமல் விடவில்லை. வடக்கில் எல்லாம் முடிந்து வெடிச்சத்தம் ஓய்ந்த ஆண்டில்தான், அந்தச் சரக்கு அறவே இல்லை என்று பதில் வந்தது. நீ பூட்டைக் கழற்றித் திறப்பைத் தங்கச்சியின் கையில் வைத்தாய்.

"பூட்டினவருக்குத்தானே அதிகாரம். நான் தொடமாட்டன்," என்றாள்.

பலகை அப்படியே கிடந்தது. வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. நீயாவது குடியேன் என்றேன் ஒருநாள். "அவ குடிக்காத கிணத்தில நான் எப்பிடி மச்சான் குடிக்கிற?" என்றாய்.

நீ போன அன்று, உன்னைக் குளிப்பாட்டக் குழாயை இழுத்து வந்தார்கள். தங்கச்சி எழும்பினாள். "குழாய வையுங்க," என்றாள். யாரையும் கிட்ட விடாமல் பலகையைத் தானே கழற்றினாள். வாளியை இறக்கி அள்ளி, மணந்து பார்த்து, அத்தனை சனத்துக்கு முன்னால் ஒரு கை குடித்தாள். பிறகு வாளியை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணன், அவர்ர கிணத்துத் தண்ணியில அவரக் குளிப்பாட்டுங்க."

இப்போது அந்தக் கிணற்றடியில் எவனாவது மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் நான் பாய்ந்து விழுகிறேன். "மாமா, இது உங்கட வளவா?" என்று கேட்கிறார்கள். இல்லைதான். பெண்ணுக்குக் கொடுத்த வளவில் பிறந்தவனுக்கும் உரிமை இல்லை, வந்தவனுக்கும் இல்லை. உரிமை இல்லாமலே நீ ஒரு எல்லை போட்டாய் மச்சான். அதைத்தான் காத்துக்கொண்டு நிற்கிறேன்.