தண்ணீர் வற்றினால் அரை மைல்

டாக்காவில் இருக்கும், என் மகள் போன்ற தஹ்மினாவுக்கு, சோர் மோயனாவிலிருந்து படகோட்டி தொபாரக் சலாம் சொல்லி எழுதுவது. நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடை நிகில் பாபு எழுதுகிறார்.

அந்தப் பெரும்புயல் வந்தது, ஓட்டுக்காக எங்கள் பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டு போன ஆண்டில். நோன்பு மாதம். ஊர் ஊராக அழிந்துபோனதால் எங்கள் பக்கம் ஓட்டுப்போடுவதையே தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டு யுத்தம் வந்தது. நாட்டின் பெயரே மாறியது.

எந்த ஊர் புயலைத் தாங்கும் என்று நீங்கள் கணக்கெடுக்க வந்தபோது இதை நான் சொல்லவில்லை. "சாச்சா, புயல் காப்பகம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டீர்கள். "அரை மைலுதாம்மா, வாயில போட்ட வெத்தில சிவக்கிறதுக்குள்ள போயிரலாம்" என்றேன். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். நீங்களே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கால்வாய்ச் சேற்றில் இறங்கி அக்கரைக்கு நடந்து பார்த்தீர்கள். அன்றைக்கு அது அரை மைல்தான். ஆனால் அம்மா, இங்கே தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரம் சொல்வோம். ஏறிவிட்டால் மூங்கில் பாலம் வரை சுற்றிக்கொண்டு மூன்று மைல். காற்றடித்தால் முதலில் போவது அந்தப் பாலம்.

போன வாரம் ஊராட்சி அலுவலகத்தில் உங்கள் வரைபடத்தை மாட்டினார்கள். புயலுக்குத் தாக்குப்பிடிக்காத ஊர் சிவப்பு, சமாளிக்கும் ஊர் பச்சை. நாங்கள் பச்சை. புதிய காப்பகம் சிவப்பு ஊருக்குத்தானாம். மாதக் கடைசிக்குள் முடிவாகிவிடுமாம். தேநீர்க்கடையில், "நம்ம ஊரு பாஸாயிருச்சுடோய்!" என்று ஒரே கும்மாளம்.

என் பெரியப்பா மகள், எனக்கு நாலு வயது மூத்தவள், கூப்பிட்டனுப்பினாள். இப்போது அவளால் எழுந்து நிற்க முடியாது. "ஏண்டா தொபாரக், உங்கப்பன் சொன்ன அரை மைலையே நீயும் சொன்னியாமே? என்னைய யாருடா தூக்கிட்டுப் போவா, அந்தப் பச்சை மையா?" என்றாள். அங்கிருந்து நேரே நிகில் பாபுவின் கடைக்கு வந்துவிட்டேன்.

ஆம் அம்மா. அந்தப் புயலன்று என் அப்பாவும், "அக்கரையில குளத்து மேடு இருக்கு, அரை மைலுதான், வாங்க" என்றுதான் எல்லோரையும் கிளப்பினார். நிறைநிலா ஓதம், கடல்நீர் உச்சத்துக்கு ஏறும் நேரம். கால்வாயில் இறங்கியவர்கள் இருபத்திரண்டு பேர். தம்பி குத்தூஸ் என் முதுகில் இருந்தான். அவன் கைப்பிடி எங்கே தளர்ந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கரையேறியது மூன்று பேர். அப்படியிருந்தும் உங்களிடம் அதே அரை மைலைச் சொன்னேன். ஏனென்று கேட்காதீர்கள். நாக்குக்குப் பழகிய தூரம்.

தவறு உங்களுடையதல்ல. பச்சையை அழித்துவிட்டு எங்களுக்குச் சிவப்புப் பூசுங்கள். உங்கள் அதிகாரிக்கு நம்பிக்கை இல்லையென்றால் நிறைநிலா அன்று அழைத்து வாருங்கள். படகில் ஏற்றி அந்த அரை மைலைக் காட்டுகிறேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். நீங்கள் கால் வைக்கும் இடமெல்லாம் தரையாக இருக்கட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத கிழவனின் பேச்சுக்குச் சாட்சி கேட்பார்கள். அன்று கரையேறிய மூவரில் பெரியப்பா போய் முப்பது வருடமாகிறது. என்னை விட்டால் மிச்சம் இருப்பவள் அந்தக் கால்வாய்க்கு இக்கரையில், கட்டிலில் கிடக்கிறாள். அவள் பெயரையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அலேக்ஜான் பிபி.