கருவாட்டுக் கிருமியும் அமெரிக்க மாப்பிள்ளையும்

திருப்பதி, 3 பிப்ரவரி 1998

இன்றும் ஆய்வுக்கூடத்தில் என் பெயர் ‘கருவாடு’தான். தாட்சாயணி என்று ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. நகரி சந்தையில் சிவந்துபோன கருவாட்டைத் தேடி வாங்கி, நாற நாற பஸ்ஸில் கொண்டுவந்தவள் நான்தானே! கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பில் வளரும் கிருமி, அந்தச் சிவப்பு. உப்பு குறைந்தால் செத்துவிடும். சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறவர்களுக்கே ரோஷம் உண்டென்றால், உப்பிலேயே குடியிருக்கும் இதற்கு எவ்வளவு இருக்கும்!

5 பிப்ரவரி

நைனா ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர், கத்தித்தான் பேசுவார். “அமெரிக்கா மாப்ளம்மா! கம்ப்யூட்டரு! சனிக்கெழம வந்து இட்டுக்கினு போறேன். கிருமிய அங்கியே உட்டுட்டு வா.”

எனக்குப் போக மனமில்லை. அழுதுகொண்டே என் கைடு துர்காதேவி மேடத்திடம் சொன்னேன். சனிக்குள் அந்தக் கிருமியின் டி.என்.ஏ.வை எடுத்துக் காட்டினால் பி.எச்டி. இடம் எனக்கே, நைனாவிடம் தானே பேசுவதாகத் தெலுங்கில் சொன்னார். எடுக்காவிட்டால்?

6 பிப்ரவரி

கிருமி வளர்த்த குடுவை செக்கச்செவேல் என்று இருக்கிறது. அழகி! கண்ணு படப்போவுது.

7 பிப்ரவரி, காலை

ஐயோ. போச்சு. எல்லாம் போச்சு.

இயந்திரத்தில் சுழற்றிக் குழாயின் அடியில் உட்காரவைத்த கிருமிகளை, கைப்பழக்கத்தில் வெறும் தண்ணீரில் அலசித் தொலைத்தேன். எங்கள் தெருவில் சாயம் போட்ட நூலை நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசாமல் விடமாட்டோம். அந்தப் புத்தி! உப்பில்லாத தண்ணீர் பட்டதும் ஒன்றுவிடாமல் வெடித்துவிட்டன. மிச்சம் குழகுழவென்று சிவப்புச் சளி. இன்னா பண்ணிக்கினு கீறேன் நான்? நைனா வந்து நிக்கப்போறாரு. போ, அமெரிக்காவுல போய் பாத்திரம் அலசு!

அன்றே, மாலை

மேடம் திட்டவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். “பிச்சி பில்லா, பைத்தியக்காரப் பொண்ணே! உறை வெடிச்சா உள்ள இருக்கறது எங்க போவும்? அந்தச் சளியிலதான் டி.என்.ஏ. கீது.”

குளிர்ந்த ஆல்கஹாலை அதன்மேல் மெல்ல விட்டு, கண்ணாடிக் குச்சியைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். இழை இழையாக வெள்ளையாய்ச் சுற்றிக்கொண்டு வந்தது! அந்த நேரம் பார்த்து வாசலில் நைனா, என்னை இழுத்துப்போகிற முகத்தோடு. கிட்டே வந்தார். முகம் மாறியது.

“இது இன்னா நூலும்மா? எத்தினியாம் நம்பரு?”

“அந்தக் கிருமியோடது நைனா. உப்புல எப்படிப் பொழைக்குதுன்ற சூட்சுமம் இதுலதான் கீது. அதக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஆசை.”

“அறுந்துடப்போவுது. கைய ஆட்டாத. மெல்ல சுத்து.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் பேச வாய் திறந்தார், நைனா கையமர்த்திவிட்டார்.

8 பிப்ரவரி

நேற்று ஏழு மணி பஸ்ஸுக்கு நைனா தனியாகத்தான் ஊர் திரும்பினார். ஏறுவதற்குமுன் டெலிபோன் பூத்தில் நுழைந்து கல்யாணத் தரகருக்குப் பேசினார். நான் கதவருகில் நின்றிருந்தேன்.

“மாப்ள நல்ல மாதிரிதாம்பா, நான் இல்லன்னல. ஆனா எம்பொண்ணு தறியில பாவு நூல ஏத்திட்டா. பாதியில அறுக்கற வழக்கம் நம்மகிட்ட ஏது?”